ஊசிக் காரும் இருபத்தைந்து வெள்ளை ஒயர்களும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை முழுதாக என்னுடையது இல்லை. பாதியை எனக்கு ஒருவர் பஸ்ஸில் சொன்னார். போன வருடம், அதாவது எழுபத்தெட்டில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போய்க்கொண்டிருந்தேன். வழியில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கூரு உக்கிரபாண்டி இருந்தா இந்நேரம் இதுக்கு ஊசியப் போட்டுக் கெளப்பியிருப்பாரு."

"ஊசியா?"

"ஆமா. பெட்ரோல ஊசியில பீச்சுற காரு. ரெட்டியபட்டியில அவரே கட்டுனது. கார்பரேட்டரே கெடையாது. ஒரு பொட்டிதான் எல்லாத்தையும் பாத்துக்கிரும். அம்புட்டு பாடும் எதுக்குங்கிறீக? கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டியத் திருச்சுழியிலருந்து கூட்டியாரத்தான்."

"கூட்டியாந்தாரா?"

அந்த நேரம் பார்த்து பஸ் கிளம்பியது. அவர் இருபத்தைந்து ஒயர், தறிக்காரம்மா, மிளகாய்த் தோட்டம் என்று என்னென்னவோ சொன்னார். ரெட்டியபட்டி விலக்கு வந்ததும் "நம்ம ஸ்டாப்பு" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு வருடமாக எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

(நானும் இறங்கிப் பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். ஏன் இறங்கவில்லை என்று கேட்காதீர்கள். டிக்கெட் திருச்சுழிக்கு எடுத்திருந்தேன்.)

2

முதல் தொடக்கம்:

"கரிசல் மண் வெடித்துக் கிடந்த அந்தக் கோடையில் ஒரு மனிதன் தன் கனவை—"

வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதை எல்லாவற்றிலும் மண் வெடித்துவிடுகிறது.

இரண்டாம் தொடக்கம்:

"எலெக்ட்ரானிக் முறையில் எரிபொருளைப் பீச்சும் அமைப்பு என்பது, எஞ்சினின் சூட்டையும் அது இழுக்கும் காற்றின் அளவையும்—"

எனக்கு சைக்கிளில் கழன்ற செயினை மாட்டத் தெரியாது. ஆகவே அருப்புக்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராஜகுருவிடம் நாலு நாள் உட்கார்ந்து பாடம் கேட்டு இதை எழுதினேன். என் மனைவி கஸ்தூரி வாசித்துவிட்டு, "பரிச்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் தொடக்கம்:

"ராக்கம்மாள் போய்விட்டாள்."

இது நிற்கும்போல் இருக்கிறது. இதிலிருந்தே போவோம்.

3

ராக்கம்மாள் போய்விட்டாள். எழுபத்துநாலாம் வருடம், புரட்டாசி மாதம். (எழுபத்திரண்டாகவும் இருக்கலாம். பஸ்ஸில் கதை சொன்னவர் இரண்டையும் சொன்னார்.) உக்கிரபாண்டி தொழுவத்தில் கார் மேல் தகரம் அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முப்பத்தைந்து வயது, ஐந்து ஏக்கர் புஞ்சை, ஒரு கிணறு. கிணற்றில் போன மாதம் வரை ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. அதை மதுரையில் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிட்டு, காருக்கு முன் அச்சும் நாலு சக்கரமும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். மாட்டைக் கட்டித் தண்ணீர் இறைத்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. கிணறு அறுபதடி. மாடு இரண்டு நாள் இறைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மிளகாய்ச் செடி பூத்த பூவோடு வாடியது.

ராக்கம்மாள் பெட்டியோடு வாசலில் நின்றாள். பக்கத்தில் அவள் தம்பி தவசி. கோயம்புத்தூரில் மில் வேலை, லீவில் வந்தவன்.

"ரெண்டு குடம் தண்ணி ஊத்துனாப் பொழைக்கிற செடி. அதப் பாக்க உங்களுக்குக் கண்ணில்ல. தகரத்தத் தட்டிக்கிட்டிருக்கீக."

"இன்னும் பத்து நாளு. வண்டி ஓடிரும்."

"ஓடட்டும். ஓடி எங்க அய்யா வீட்டு வாசலுக்குத் தானா வந்து நிக்கட்டும். மாட்டக் கட்டி இழுத்தாந்தா நான் ஏற மாட்டேன். தானா வந்தா ஏறிக்கிர்றேன்."

தவசி கொஞ்சம் மரியாதையாகவே சொன்னான். "மாமா, கார்த்திகை பொறந்தா நான் மில்லுக்குத் திரும்பிருவேன். அக்காவும் என்கூடக் கோயம்புத்தூரு வருது. அதுக்குள்ள வந்துருங்க."

அவர்கள் போன பிறகு உக்கிரபாண்டி சுத்தியலைக் கீழே வைத்தான் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு, தொடர்ந்து தட்டினான் என்று எழுதினேன். பிறகு அதையும் அடித்தேன். இரண்டில் எது உண்மை என்றாலும் அவன் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

4

கார் எஞ்சின் வந்த விதம் இது. வெள்ளைக்காரர்கள் நாலு பேர் ஒரு ஜெர்மன் காரில் ராமேஸ்வரம் போகிற வழியில் காரியாபட்டிப் பக்கம் புளிய மரத்தில் மோதினார்கள். ஒருவருக்குக் கை முறிந்தது, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. காரைப் போட்டுவிட்டு ரயிலேறிப் போய்விட்டார்கள். அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். முன்பாதிதான் நசுங்கியது, பின்பாதி அப்படியே இருந்தது. ஏலத்தில் அது உக்கிரபாண்டிக்கு வந்தது.

அவனை மயக்கியது வேகமோ வெளிநாட்டுப் பெயரோ இல்லை. அந்த எஞ்சினில் தண்ணீரே கிடையாது. காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். ரேடியேட்டர் இல்லை, குடத்தோடு ஓட வேண்டியதில்லை. அறுபதடிக் கிணற்றுக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? "தண்ணி கேக்காத மிசினு" என்று சந்தைக்குப் போன இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கார்பரேட்டரும் கிடையாது. நாலு சிலிண்டருக்கும் நாலு ஊசி. எப்போது, எவ்வளவு நேரம் திறந்து பெட்ரோலைப் பீச்ச வேண்டும் என்று அந்த ஊசிகளுக்கு ஓர் அலுமினியப் பெட்டி உத்தரவு போடும். பெட்டிக்கு எஞ்சினிலிருந்து இருபத்தைந்து ஒயர். எல்லாம் வெள்ளை.

அங்கேதான் வினை. கார் காரியாபட்டியில் கிடந்தபோது எவனோ செம்புக்கு ஆசைப்பட்டு அரிவாளால் ஒயர்க் கட்டை ஒரே வெட்டில் வெட்டிவிட்டான். யாரோ வந்திருக்க வேண்டும், அதோடு விட்டுவிட்டுப் போய்விட்டான். பெட்டியில் செருகும் பிளக்கில் இருபத்தைந்து வால் தொங்கியது. எஞ்சின் பக்கம் இருபத்தைந்து வால். எதை எதனோடு சேர்ப்பது?

லாரி மெக்கானிக் பால்ச்சாமி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏலே பாண்டி, இந்தக் கெரகத்த எல்லாம் கழட்டி எறி. எங்கிட்ட பழைய கார்பரேட்டர் ஒண்ணு கெடக்கு. அரை நாள் வேலை. காலையில மாட்டுனா சாயங்காலம் திருச்சுழி. ராத்திரி பொண்டாட்டி கையால சோறு."

"அப்படி மாட்டுனா அது வேற வண்டியாயிரும்ணே."

"ஒம் பொண்டாட்டிக்கு எந்த வண்டியா இருந்தா என்ன?"

உக்கிரபாண்டி மறுபடி ஒயர்களை எண்ணத் தொடங்கினான்.

(இங்கே நான் பேனாவை மூடிவிட்டேன். மூன்று வாரம் திறக்கவில்லை. மனைவி வேண்டும் என்கிறவன் அந்தக் கார்பரேட்டரை மாட்டியிருப்பானே! கார்தான் பெரிது என்கிறவனாக இருந்தால் அவளை மறந்திருப்பான். இவனோ ராத்திரியும் பகலும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒயரை முறைத்துக்கொண்டிருக்கிறான். இப்படி ஒரு ஆளை நான் நம்பவில்லை. நான் நம்பாத ஆளை நீங்கள் எப்படி நம்புவீர்கள்? கஸ்தூரியிடம் கேட்டேன். "ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான்" என்றாள். அது எனக்குச் சொன்ன பதிலா, கதைக்குச் சொன்ன பதிலா என்று தெரியவில்லை.)

5

கோகிலாம்பாளை இப்போது கொண்டுவர வேண்டும்.

அருப்புக்கோட்டையில் பருத்தி, நூல் வியாபாரம் செய்யும் குடும்பம் அவருடையது. வீட்டிலேயே நாலு தறி. உக்கிரபாண்டி தன் பருத்தியை வருடா வருடம் அவர்களுக்குத்தான் போடுவான். கோகிலாம்பாளுக்கு வயது ஐம்பது, வாய் நீளம், கை அதைவிட வேகம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்துபோனால், புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரத்துக்கு மேல் இழை. எல்லாம் ஒரே வெள்ளை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தால், பேச்சு ஒரு பக்கம் நடக்க, கை தானாகப் போய்க்கொண்டிருக்கும். ஓர் இழை மாறாது. பருத்தி போடப் போன இடத்தில் இதைப் பார்த்துக்கொண்டு நின்ற உக்கிரபாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது.

"அக்கா, எங்கிட்ட ஒரு இருபத்தஞ்சு இழை இருக்கு. பிணைச்சுத் தருவீகளா?"

"இருபத்தஞ்சா? கைக்குட்டையா நெய்யிற?"

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. மறுநாள் பஸ் ஏறி ரெட்டியபட்டிக்கே வந்துவிட்டார். எஞ்சின் பக்க ஒயர்களில் சின்ன வளையம் மாதிரி நம்பர் போட்டிருந்தது. உக்கிரபாண்டி அவற்றை ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை வரிசையாக ஒரு மூங்கில் பட்டையில் கட்டி வைத்தான். பிளக்கின் வால்களில் நம்பர் இல்லை. பிளக்கிலேயே ஒரு வரிசையாக அவை நிற்பதால், எது ஒன்று என்று தெரிந்தால் போதும், மற்றவை தானாக வந்துவிடும். எது ஒன்று என்பது பிளக்கின் ஓரத்தில் சின்னதாக அச்சடித்திருந்தது. இடது ஓரம்.

கோகிலாம்பாள் தறியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். சாம்பலைத் தொட்டார். வலது ஓரத்திலிருந்து தொடங்கினார். தறியில் அவர் வீட்டு வழக்கம் வலது ஓரம்தான் முதல் இழை. அவர் கைக்கு வேறு ஓரம் தெரியாது.

கால் மணி நேரத்தில் இருபத்தைந்தும் முடிந்தது.

உக்கிரபாண்டி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சுகளில் ஒட்டியிருந்த சாம்பலைப் பெட்ரோலால் துடைத்து, அடுப்பில் காய வைத்த கம்பியால் ஈயம் வைத்தான். பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தான்.

பார்க்கவில்லை.

[எழுதியதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆறு மாதம் அந்தப் பிளக்கோடு படுத்து எழுந்தவன், ஒன்று எந்தப் பக்கம் என்று அறியாதவனா? இரண்டு வரியையும் அப்படியே விடுகிறேன்.]

6

ஐப்பசி இருபதாம் தேதி சாவியைத் திருகினான்.

சரியாக இருந்தால் பெட்ரோல் பம்பு ஒரு நொடி முனகிவிட்டு நிற்க வேண்டும் என்று ராஜகுரு சொன்னார். பம்பு முனகிக்கொண்டே இருந்தது. நாலு ஊசியில் ஒன்று மட்டும் திறந்து, திறந்தபடியே நின்று பெட்ரோலைக் கொட்டியது. மற்ற மூன்றும் அசையவில்லை. அலுமினியப் பெட்டியில் கை வைத்தான், சுட்டது. பாட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தொழுவத்துக்கு வெளியே வந்து உட்கார்ந்தான்.

எட்டு நாள் அவன் காரைத் தொடவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "ஒயர்ல கோளாறு" என்று சொன்னான். சொல்லும்போது அவன் முகம் தெளிவாக இருந்தது என்று எழுதத் தோன்றுகிறது. கோளாறு ஒயரில் இருக்கிறது, கார்த்திகை வரப்போகிறது, பாவம் என்ன செய்வான் என்று ஊர் பேசியது. அவனுக்கும் அது கேட்டது.

பொறுக்க முடியாதவர் கோகிலாம்பாள்தான். தன் கைப்பட முறுக்கியது ஓடவில்லை என்று பஸ்ஸில் யார் மூலமோ செய்தி போய்ச் சேர்ந்தது. இருபத்தெட்டாம் தேதி காலை நேரே தொழுவத்துக்குள் நுழைந்தார். பெட்டியைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார்.

"பாண்டி, இதுல ஒண்ணு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்க்கா."

"நான் வலதுலருந்துல்ல பிடிச்சேன்! ஒண்ணு இருந்த எடத்துல இருபத்தஞ்சு. ரெண்டு இருந்த எடத்துல இருபத்திநாலு. அடப்பாவி, நடுவுல நிக்கிற பதிமூணு மட்டுந்தான் தன் எடத்துல இருக்கு!"

"தறி மாதிரி இல்லக்கா இது."

"அத நான் முறுக்கும்போதே நீ சொல்லியிருக்கணும். பக்கத்துலதான குத்த வச்சிருந்த? பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

உக்கிரபாண்டி பாட்டரியைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

கோகிலாம்பாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே இருபத்தைந்தையும் அறுத்து மறுபடி முறுக்கினார். இந்த முறை இடது ஓரத்திலிருந்து. கை பழகாததால் ஒரு மணி நேரம் பிடித்தது.

(சுட்ட பெட்டி பிழைத்திருக்குமா என்று ராஜகுருவிடம் கேட்டேன். "கடையில பொழைக்காது. கதையிலன்னா பொழைச்சுக்கிரும்" என்றார். பிழைக்க விடுகிறேன்.)

7

கார் ஓடியது. கோகிலாம்பாள் வீட்டுத் தறிகள் நாலும் சேர்ந்து ஓடுகிற சத்தம். பம்பு ஒரு நொடி முனகி நின்றது, எஞ்சின் இரண்டு முறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஊரே ஓடி வந்தது. பால்ச்சாமி மூடியைத் திறந்து நாலு ஊசியையும் உற்றுப் பார்த்துவிட்டு, "சரித்தான்" என்று மட்டும் சொன்னார். இதைவிடப் பெரிதாக அவர் யாரையும் பாராட்டியதில்லை.

"பிறகென்ன, கெளம்பு" என்றார் கோகிலாம்பாள். "கார்த்திகைக்கு இன்னும் ரெண்டு நாளு கெடக்கு. இப்பப் போனா மத்தியானத்துக்குள்ள திருச்சுழி."

"டயர்ல காத்து கம்மியா இருக்குக்கா."

பால்ச்சாமி டயரை எட்டி உதைத்துப் பார்த்தார். காற்று இருந்தது.

"ஹாரன் அடிக்கல."

"ரோட்டுல ஆடுதான் நிக்கும். கத்துனாப் போயிரும்."

"சட்டை அழுக்கா இருக்கு."

கோகிலாம்பாள் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "பாண்டி, கெணத்துல எஞ்சின் இருக்கா?"

"இல்ல."

"செடி?"

"போச்சு."

"அவ அதக் கேப்பான்னு பயமா?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தான். "வண்டி ஓடலங்கிற வரைக்கும் அவ வராம இருக்குறது வண்டியாலன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்துருவேன்க்கா. இப்ப ஓடிருச்சு. நான் போயி நின்னு, அவ வெளிய வந்து வண்டியப் பாத்துட்டு, உள்ள போயிட்டான்னா?"

கோகிலாம்பாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி முந்தானையில் சாம்பலைத் துடைத்துக்கொண்டு போனார்.

நான் சொல்வதைக் கேளுங்கள். அவனுடைய இந்தப் பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கார்பரேட்டரை ஏன் மாட்டவில்லை என்று நாலு மாதம் அவனைத் திட்டியிருக்கிறேன். அரை நாளில் ஓடிவிடும் என்பதாலேயே மாட்டவில்லை. அவனை நினைத்து எனக்கு அழுகை வந்தது. எழுதுகிறவன் அழக்கூடாது என்பார்கள், வந்துவிட்டது.

8

முடிவுகள்.

அ) கார் திருச்சுழியில் போய் நிற்கிறது. ராக்கம்மாள் சொன்ன சொல் தவறாமல் ஏறிக்கொள்கிறாள். எழுதி முடித்துக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். "அந்தப் பிள்ளை கோயம்புத்தூருக்குப் போக ஆசைப்பட்டிருந்தா?" என்றாள். நான் அதை யோசிக்கவே இல்லை. எட்டு பகுதி எழுதியிருக்கிறேன், ராக்கம்மாளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

ஆ) கார் போய் நிற்கிறது. ராக்கம்மாள் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கெணத்து எஞ்சினு எங்க?" என்கிறாள். உக்கிரபாண்டி வாயைத் திற—

இ) அவன் போகவே இல்லை. தவசியும் அக்காவும் கோயம்புத்தூர் பஸ் ஏறு—

இந்த மூன்றாவதை எழுத என் கை மறுத்துவிட்டது.

ரெட்டியபட்டி எனக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். போய்க் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். "அவுக இங்கதான் இருக்காக, உள்ள வாங்க" என்று ஒரு பெண் குரல் வரலாம். வராமலும் போகலாம். கஸ்தூரி தினமும் "போயிட்டு வாங்களேன்" என்கிறாள். நான் இன்றைக்கு வெயில் அதிகம், நாளைக்கு ஆபீஸ் உண்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடமாக.

ஆகவே கதை இந்த இடத்தில்தான் இருக்கிறது. வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்துவிட்டார்கள். உக்கிரபாண்டி தனியாக உட்கார்ந்திருக்கிறான். எஞ்சின் ஓடுகிறது, கார் நிற்கிறது. இடது கால் கிளட்சை மிதித்தபடி இருக்கிறது, ஜெர்மன் கார் என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம், வலது கை கியரின் மேல் இருக்கிறது. டாங்கில் இரண்டு லிட்டர்தான் ஊற்றியிருக்கிறான், திருச்சுழி போக அது போதும், இப்படியே நின்று எரித்தால் போதாது.

நான் கியரைப் போட்டால் அது என் சௌகரியத்துக்குப் போட்டதாகிவிடும். உங்களுக்கு அவனையும் தெரியாது, என்னையும் தெரியாது, யார் பக்கமும் சாய மாட்டீர்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வருகிறவள் என்ன சொல்வாள் என்று உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் போடுங்கள்.

தெரியாவிட்டாலும் போடுங்கள். அவனுக்கும் தெரியாது.